உள்ளிருந்து தெரியாதது

நாத்தனார் சின்னு சிரித்த நேரத்தில் பேச்சு வேறு இடத்துக்குப் போயிருந்தது.

வீட்டு உரிமையாளர் குளியலறைக் குழாயைச் சரிசெய்த கதையை அவள் கணவன், சின்னுவின் அண்ணன், சொல்லிக்கொண்டிருந்தான். "முன்னாடி தண்ணியும் வரல, சத்தமும் வரல. இப்ப சத்தம் வருது. பாதி வேலை முடிஞ்சுதுங்கன்னு சொல்லிட்டுப் போறாரு மனுஷன்." அவள் சிரித்துவிட்டுத் தட்டுகளை எடுக்க எழுந்தாள். அப்போது அவன் குரல் இறங்கியது.

"அந்த ரெண்டாவது காலேஜும் வேண்டாம்னுட்டாங்க."

அந்த நொடியில்தான் தண்ணீர்க் கூஜாவில் சாய்த்து வைத்திருந்த கைபேசித் திரைக்குக் குழாய்க் கதை எழுத்தாக வந்து சேர்ந்தது. நாத்தனார் அதைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அண்ணன் முகத்தைப் பார்த்தவள் சட்டென்று நிறுத்தி, "என்ன? நான் தப்பான இடத்துல சிரிச்சுட்டேனா?" என்றாள்.

"இல்ல சின்னு, சரியான இடந்தான்" என்றான் அண்ணன். அந்த வாக்கியமும் அவளிடம் தாமதமாகவே போய்ச் சேரும் என்பது மேசையில் இருந்த எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எல்லோரும் காத்திருந்தார்கள்.

சின்னு பள்ளியில் படிக்கும்போது வந்த காய்ச்சலில் காது போனவள். பேசுவாள், கேட்காது. திரைச்சீலைகள் தைக்கும் கடையில் வேலை. பேச்சை எழுத்தாக்கிக் காட்டும் செயலிகள் சந்தையில் நிறையவே உண்டு, ஆனால் அவை மேடைப் பேச்சைத்தான் புரிந்துகொண்டன. வீட்டுக்குள் மூன்று பேர் ஒருவர் பேச்சில் ஒருவர் புகுந்து பேசினால் உளறிக் கொட்டின. அவளுக்காக அண்ணன் தானே ஒன்று எழுதினான். வீட்டுக் குரல்களையே மாதக்கணக்கில் பதிவுசெய்து அதற்குப் பழக்கினான். "வந்துட்டியா", "போடா டேய்", "அதெல்லாம் ஒண்ணுமில்ல" எல்லாம் அதற்குத் தெரியும். பிறகு அது வகுப்பறைக்கும் பயன்படும் என்று தோன்ற, வேலையை விட்டான். காது கேளாத மாணவர்கள் படிக்கும் மூன்று கல்லூரிகள் எடுத்துக்கொண்டன. ஆசிரியர் பேசப் பேச மாணவர்களின் திரையில் எழுத்து ஓடும்.

அதை ஓட வைக்க ஒரு சர்வர் வேண்டும். இடம் அவன் மனைவி சொன்னதுதான். அவள் வேலை பார்க்கும் நிறுவனத்தில் ஊழியர் குடும்பத்துக்குச் சலுகை இருந்தது.

அந்த நிறுவனம் பெரிய பெரிய சர்வர்களை வாங்கி, ஒவ்வொன்றையும் பல மெய்நிகர் கணினிகளாகப் பிரித்து வாடகைக்கு விட்டது. வாடகைக்கு எடுத்தவர் தனக்கென்று முழுக் கணினி இருப்பதாகவே நினைப்பார். அந்தக் கணினியும் தன்னைப் பற்றி அப்படித்தான் நினைத்துக்கொள்ளும். உண்மையில் அடியில் இருக்கும் ஒரே பிராசஸரைப் பல பேர் முறைவைத்துப் பயன்படுத்துகிறார்கள். அவள் வேலை, யார் எவ்வளவு எடுத்துக்கொள்கிறார்கள் என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பது. அடுத்த மேசைக்காரி இதை ஒரே வரியில் சொல்வாள். அலுவலகத்தில் அவளுக்குப் பெயர் 'வம்பு'.

"ஒரே பாயில எட்டுப் பேரைப் படுக்க வைக்கிறதுதான் நம்ம தொழில். எல்லாரும் ஒரே நேரத்துல புரண்டு படுக்காத வரைக்கும் பிரச்சினையில்ல."

முதல் வருடம் எழுத்து குரலோடு கூடவே வந்தது. கல்லூரிகளிலிருந்து நன்றி சொல்லி அழைப்புகள் வந்தன. சின்னு சரியான இடங்களில் சிரித்தாள். இடையில் புகுந்து கேலி பேசினாள், அண்ணனைத் திட்டினாள். அப்படி ஒரு வாயாடி அந்த வீட்டில் இத்தனை வருடமும் பேசாமல் இருந்தாள் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

பிறகு எழுத்து பின்தங்க ஆரம்பித்தது.

எப்போதும் இல்லை. பிற்பகல்களில், கல்லூரிகள் முழுவீச்சில் இருக்கும் நேரத்தில். ஒரு கணித ஆசிரியை அழைத்துக் கத்தினார். அவன் ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் அவளுக்கும் கேட்டது. "நான் கரும்பலகையில அடுத்த கணக்குக்குப் போயிட்டேங்க, உங்க எழுத்து இன்னும் முந்தின கணக்குலயே நிக்குது. பிள்ளைங்க எதைப் பார்க்கும், என் கையையா, உங்க திரையையா?"

அவன் தன் நிரலைக் கிழித்துக் கிழித்துத் தைத்தான். சர்வருக்குள் போய்ப் பார்த்தால் பிராசஸர் பாதிகூட ஓடவில்லை; நினைவகம் தாராளமாக இருந்தது. "வீடு காலியா இருக்கு, ஆனா மூச்சு முட்டுது. அப்ப கோளாறு என் நெஞ்சுலதான்" என்பான். அவள், "உங்க கோடிங் நல்லாத்தாங்க இருக்கு" என்பாள். காரணம் எதுவும் தெரிந்து சொன்னதில்லை. மனைவிகள் சொல்வது.

ஒருநாள் அவனே கேட்டான். "ரெண்டு பிராசஸர் பத்தலையோ என்னவோ. கூட்டித் தர முடியுமா?" அவள் அன்றே இரண்டை எட்டாக்கிக் கொடுத்தாள். வம்பு எட்டிப் பார்த்துவிட்டு, "புருஷன் மெஷினுக்கு எட்டு. எனக்கு ஒரு நாள் லீவுக்கு மூணு பேர்கிட்ட கையெழுத்து" என்றாள். அவளுக்கு அன்று முழுவதும் ஒரு சந்தோஷம் இருந்தது. அவனுக்கு எதையாவது கொடுத்து வெகுநாள் ஆகியிருந்தது.

அடுத்த வாரம் எழுத்து இன்னும் மோசமாகப் பின்தங்கியது.

அப்போதுதான் அவள் கண்காணிப்புத் திரையின் ஒரு பகுதியைத் திறந்து பார்த்தாள். அதற்குப் பெயர் 'காத்திருப்பு'. ஒரு மெய்நிகர் கணினி வேலைசெய்யத் தயாராகி, அடியில் பிராசஸர் கிடைக்காமல் நின்ற நேரம் அதில் பதிவாகும். வாடிக்கையாளர் பக்கத்தில் அது வராது, நிறுவனத்துக்கு மட்டும். நின்ற நேரம் ஓடிய நேரத்தில் சேராது என்பதால், உள்ளே இருந்து பார்ப்பவருக்கு இயந்திரம் சும்மா இருப்பதுபோலத்தான் தெரியும். அவன் சர்வரின் காத்திருப்பு, பிற்பகல்களில் மலைபோல் ஏறி நின்றது. ஏறத் தொடங்கிய இடம் நிறுவனம் அதே பெரிய சர்வரில் மேலும் பல வாடிக்கையாளர்களைத் திணித்த வாரம். இன்னும் உயரத்துக்குத் தாவிய இடம் அவள் எட்டாக்கிய நாள்.

அவளுக்கு உடனே புரிந்தது. புரியாமல் இருந்திருக்கவே கூடாது. நெரிசலான பேருந்தில் தனியாள் எப்படியாவது தொற்றிக்கொள்வான். எட்டுப் பேரும் சேர்ந்துதான் ஏறுவோம் என்று நிற்கும் குடும்பம் நிறுத்தத்திலேயே நிற்கும். அவனுடைய சின்னக் கணினியை அவள் எட்டுப் பேர் குடும்பமாக்கி நிறுத்தத்தில் விட்டிருந்தாள்.

அன்று அவள் அவனிடம் சொல்லவில்லை.

வேலையில் சேரும்போது போட்ட கையெழுத்து ஒரு காரணம். உள்ளே தெரியும் எதையும் வாடிக்கையாளரிடம் சொல்லக் கூடாது. அவன் கேட்டால் சும்மா இருக்கமாட்டான். நேரே வந்து வரவேற்பறையில் நின்று கத்துவான். மறுநாளே அவள் வீட்டில் இருப்பாள். இப்போது குடும்பம் நடப்பது அவள் சம்பளத்தில்தான். எல்லாம் நிஜமான காரணங்கள். ஆனால் பேருந்தில் வீட்டுக்குத் திரும்பும் வழியில், பயம் மட்டும்தான் காரணம் என்று சொல்லிக்கொள்வது எவ்வளவு வசதியாக இருக்கிறது என்பதையும் அவள் கவனித்தாள். அதற்கும் அடியில் வேறொன்று கிடந்தது. இரண்டை எட்டாக்கியவள் அவள். அவன் முகத்தில் அது விழும் நொடியை அவளால் பார்க்க முடியாது. எல்லாவற்றையும் தானே சரிசெய்துவிட்டு, பிறகு சொல்லலாம். சரியான பிறகு சொன்னால் அது வெறும் கதை. குழாய்க் கதை மாதிரி.

எட்டை இரண்டாக்க அவனிடம் மெயில் வாங்க வேண்டும், அதனால் அவன் சர்வரை அப்படியே யாருக்கும் தெரியாமல் நெரிசல் குறைந்த வேறொரு பெரிய சர்வருக்கு மாற்றினாள். அன்று பிற்பகல் எழுத்து குரலோடு ஓடியது. அவன் அலுவலகத்துக்கே அழைத்தான். "ஏய், நேத்து ஒரு வரி மாத்தினேன். பிடிச்சுட்டேன் கோளாறை!" குரலில் பழைய ஆள் இருந்தான். அவள் "சொன்னேன்ல" என்றாள்.

மறுநாள் காலை அது பழைய இடத்துக்கே திரும்பியிருந்தது. பாரத்தைச் சமன்படுத்தும் நிரல் ஒன்று இரவில் தானாக ஓடி, எது எங்கே இருக்க வேண்டும் என்று அடுக்கிவிட்டுப் போகும். சராசரியை மட்டும் பார்க்கும் நிரல் அது. அவள் மறுபடி மாற்றினாள். மறுபடி திரும்பியது. மூன்றாம் முறை மேலாளர் அழைத்தார்.

"என்னம்மா, ஒரே மெஷினைப் பூனை குட்டியைத் தூக்கிட்டு அலையற மாதிரி அலையறீங்க?"

"அந்த சர்வர் தாங்கல சார். காத்திருப்பு ரொம்ப ஏறியிருக்கு. வாடிக்கையாளருக்கு அதைக் காட்டினாலாவது அவங்க கோடிங்கைச் சந்தேகப்பட மாட்டாங்க."

"ஹோட்டல்ல சமையலறைக் கதவைத் திறந்து வச்சா எவன்மா சாப்பிடுவான்?" அவர் நல்ல மனிதர்தான். திரையை அவள் பக்கம் திருப்பினார். "பாருங்க. நாள் சராசரி. எல்லாம் பச்சை. நீங்க ரெண்டு மணி நேர மேட்டைப் பார்க்கறீங்க, நான் நாள் முழுக்கப் பார்க்கறேன்." பிறகு கொஞ்சம் தணிந்து, "அது உங்க வீட்டுக்காரர் மெஷின்னு எனக்குத் தெரியும். வேலை செய்யற இடத்துல உறவுமுறை கொண்டாடாதீங்க. இனிமே அதைத் தொடாதீங்க" என்றார்.

கோளாறைப் பிடித்துவிட்டதாக நினைத்தவனுக்கு அது மறுபடி வந்ததுதான் கேடாகப் போயிற்று. மாற்றிய வரியைத் திரும்ப மாற்றினான். பிறகு எல்லா வரிகளையும். சாப்பிடும்போது விரல் மேசையில் தட்டிக்கொண்டே இருக்கும். முதல் கல்லூரி போனது. குழாய்க் கதை சொன்ன அன்று இரண்டாவது போனது.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, மொட்டை மாடியில் துணி உலர்த்தும்போது அவள் சொன்னாள். கொடியின் மறுபக்கம் அவன். நடுவில் ஈரமான போர்வை. முகம் தெரியாதது நல்லதாகப் போயிற்று என்று நினைத்தாள்.

"உங்க மெஷின் வரிசைல நிக்குதுங்க. அடியில பிராசஸர் கிடைக்காம நிக்குது. உங்க கோடிங்ல ஒரு தப்பும் இல்ல."

"உள்ள பாதிகூட ஓடலயே."

"நிக்கிறது ஓடற கணக்குல வராது. உள்ளேயிருந்து பார்த்தாத் தெரியாது. எங்க பக்கம்தான் தெரியும்."

"அப்ப எட்டாக்கினப்ப ஏன் வேகமாகல?"

"எட்டாக்கினதாலதான் மோசமாச்சு. மறுபடி ரெண்டாக்கிடலாம். நீங்க சரின்னு ஒரு மெயில் போட்டா நாளைக்கே பண்ணிடறேன்."

அவன் சிரித்தான். "பசிக்கிறவன் தட்டுலேர்ந்து சோத்தை எடுத்தா வயிறு நிறையும்ங்கிற."

"சத்தியமாங்க."

அவன் போர்வையை விலக்கிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தான். கோபமாக வந்திருந்தால் அவளுக்குத் தெம்பாக இருந்திருக்கும். முகத்தில் அன்பு இருந்தது.

"நீ நல்லவ. ஒரு வருஷமா இதையேதான் சொல்ற, உங்க கோடிங் நல்லாத்தான் இருக்குன்னு. இன்னிக்கி அதுக்குக் காரணமும் ஜோடிச்சுக் கொண்டு வந்திருக்க."

"ஜோடிக்கலங்க. எனக்குத் தெரியும். கொஞ்ச நாளாவே தெரியும்."

"தெரிஞ்சிருந்தா சொல்லாம இருந்திருப்பியா?" என்றான். கேள்வியாகக் கேட்கவில்லை. ஈரக் கையால் அவள் கன்னத்தைத் தொட்டான். "நான் இங்க தலையைப் பிச்சுக்கிட்டுக் கிடக்கறதைப் பார்த்துக்கிட்டு, தெரிஞ்சே நீ சும்மா இருந்தேன்னு நான் நம்பணுமா? அப்படி நம்பறதுக்கு என் கோடிங் தப்புன்னு நம்பறது சுலபம். விடு."

இருந்தேன், தெரிந்தேதான் இருந்தேன் என்று சொல்ல வாய் எடுத்தாள். சொன்னால் அவன் நம்பக்கூடும். நம்பினால் அவன் நிரல் அவனுக்குத் திரும்பக் கிடைக்கும், அவள் அவனுக்கு இல்லாமல் போய்விடுவாள். அவளை வைத்துக்கொள்ள அவன் எதை விடுகிறான் என்று அவனுக்கே தெரியாது. அவளுக்குத் தெரிந்தது. அவள் வாளியில் இருந்த கடைசித் துணியை எடுத்து உதறினாள்.

மூன்றாவது கல்லூரி பருவம் முடிந்ததும் புதுப்பிக்கவில்லை. அவன் சரக்கு வண்டிகளுக்கு வழி போட்டுக் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தான். காலையில் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு போனான். மாலையில் வந்து செய்தி பார்த்தான். விரல் தட்டுவது நின்றது. அவனுக்கு இப்போது நன்றாகத் தூக்கம் வந்தது என்பதுதான் அவளுக்குத் தாங்க முடியாததாக இருந்தது.

கல்லூரிகள் போன பிறகு திரையில் அவன் சர்வரின் வரைகோடுகள் அழகாகிவிட்டன. நாள் சராசரியில் காத்திருப்பு தரையோடு படுத்துவிட்டது. மேடே இல்லை. மாதாந்திரக் கூட்டத்தில் மேலாளர் அந்தப் பெரிய சர்வரைத் திரையில் காட்டி, "இப்படித்தான் இருக்கணும்" என்றார். கூட்டம் முடிந்து வரும்போது வம்பு அவள் முழங்கையைப் பிடித்து, "வாயைத் திறந்து ஏதாவது சொல்லேன்டி" என்றாள். அவர் காட்டியது பொய்யில்லை.

இப்போது அதைப் பயன்படுத்தியது சின்னு ஒருத்திதான். கடையிலிருந்து வந்து, சாப்பாட்டு மேசையில் கைபேசியைக் கூஜாவில் சாய்த்து வைப்பாள். ஒருத்திக்காக ஓடும்போதும் எழுத்து கொஞ்சம் பின்தங்கியே வந்தது. எட்டை யாரும் இரண்டாக்கவில்லை. சின்னுவுக்கு அது பழகிவிட்டது. சாப்பிட்டபடியே காத்திருப்பாள், படிப்பாள், பதில் சொல்வாள். "என் அண்ணன் வண்டி லேட்டா வந்தாலும் வந்துரும்" என்று கேலி செய்வாள். அவன் தலையைத் தூக்காமல் சாப்பிடுவான்.

பருவம் முடிந்து சில வாரங்களில் கண்காணிப்பு நிரல் அந்தச் சர்வரை 'செயலற்றது' என்று குறித்தது. ஒரு நாளின் சராசரியில் சின்னுவின் சாயங்காலம் பூஜ்யமாக வந்தது. விதிப்படி உரிமையாளருக்கு அறிவிப்பு போகும். அவர் ஒப்புக்கொண்டால் அணைத்து, இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

அவன் அன்றே பதில் போட்டுவிட்டான். வீட்டுக்கு வந்ததும் அவனே சொன்னான். "எடுத்துக்கச் சொல்லிட்டேன். வெறும் மெஷினுக்கு எதுக்கு இடம்."

"வெறும் மெஷினா? சின்னு பார்க்கறாளே."

"அவ உதட்டைப் பார்த்தே பாதி புரிஞ்சுப்பா. முன்னாடி அப்படித்தானே இருந்தா."

"வீட்டு லேப்டாப்புல ஓட வைங்களேன். அவ ஒருத்திக்குத்தானே."

அவன் வெகுநேரம் காலணியின் நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தான். "அதைத் திறக்கவே பிடிக்கல. திறந்தா மறுபடி தேட ஆரம்பிச்சுடுவேன்." பிறகு, "சின்னுகிட்ட நான் சொல்லிக்கறேன்" என்றான்.

அணைக்கும் வேலை அவள் வரிசையில்தான் வந்தது. வம்புவிடம் தள்ளிவிட்டிருக்கலாம். தள்ளவில்லை. யாரோ ஒருவர் பத்தோடு பதினொன்றாக அணைப்பதைவிடத் தான் அணைப்பது மேல் என்று நினைத்தாள். ஏன் மேல் என்று கேட்டுக்கொள்ளவில்லை. திரை, 'உறுதியாகவா?' என்று கேட்டது. ஆம் என்று அழுத்தினாள். திரையில் ஓடிய வரைகோடு நின்றது. அந்த இடத்தில் எட்டு பிராசஸர்கள் விடுபட்டன என்று ஒரு பச்சைக் குறிப்பு வந்தது. அடுத்த வரிசையில் வேறு ஏதோ இருந்தது. அதைப் பார்க்கப் போனாள்.

வீட்டுக்கு வந்தபோது விளக்கு போட்டிருந்தது. அவன் இன்னும் வரவில்லை. சின்னு மேசையில் உட்கார்ந்திருந்தாள். கைபேசி கூஜாவில் சாய்ந்திருந்தது. அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"அண்ணி, எங்க கடையில இன்னிக்கி என்ன நடந்துச்சு தெரியுமா? ஒரு அம்மா வந்து, ஜன்னல் அளவைக் கொண்டு வரச் சொன்னா ஜன்னல் கதவையே கழட்டிக் கொண்டு வந்துட்டாங்க. தலையில சுமந்துக்கிட்டு!"

அவள் சிரித்தாள். ஏதோ சொன்னாள். என்ன சொன்னோம் என்று பிறகு அவளுக்கு நினைவில்லை; "நிஜமாவா" என்பது மாதிரி ஏதோ.

சின்னு வழக்கம்போல் திரைக்குத் திரும்பினாள். நேற்றைய பேச்சின் கடைசி வரி அதில் நின்றது. 'குழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்தவா'. அவள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். படிப்பதற்குத் தயாராக வைத்திருந்த முகம்.

அவன் சின்னுவிடம் இன்னும் சொல்லவில்லை என்று அவளுக்குப் புரிந்தது.

சின்னுவின் எதிரில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். உதடு தெரிகிற மாதிரி, வெளிச்சத்துக்கு நேராக. "சின்னு" என்றாள் மெதுவாக. "சின்னு, அது..."

சின்னு கையைத் தூக்கி அவளைத் தடுத்தாள். கண் திரையிலேயே இருந்தது.

"இருங்க அண்ணி, முதல்ல சொன்னதே இன்னும் வரல" என்றாள். "இன்னிக்கி ரொம்ப லேட்டு. வரட்டும்."